ஏழுமலை என்ற வெளிநாட்டு ஆட்டக்காரன்

"தம்பி, நீ ஆட முடியாது."

அந்த மனிதர் இதைச் சொன்னபோது என் கையில் மூன்றாம் நம்பர் பனியன் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. மூன்று நாள் செலக்‌ஷன். கிரவுண்டு கொள்ளாத பையன்கள். அத்தனை பேரிலும் பதினெட்டுப் பேரைத்தான் எடுத்தார்கள், அதில் லெஃப்ட் பேக் இடத்துக்கு, அதாவது இடது பக்கத்தில் தடுத்து ஆட, நான். புதுச்சேரியின் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணி. ரயிலேறி வெளி மாநிலம் போய் ஆட வேண்டும்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பாஸ்போர்ட் ஜெராக்ஸை மறுபடி படித்தார். வயதுக்குச் சான்று கேட்டிருந்தார்கள். வீட்டில் இருப்பதிலேயே கௌரவமான காகிதம் அதுதான் என்று அப்பா அதைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"பேரு இன்னா?"

"ஏழுமலை சார்."

"ஊரு?"

"ரெட்டியார்பாளையம்."

"இதுல பிரான்சுன்னு போட்டுக்குதேப்பா. நீ இந்தியன் இல்ல. வெளிநாட்டுக்காரன். மாநில டீமுல வெளிநாட்டுக்காரன் ஆடக் கூடாது. அதான் விதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேவிட்டேன். என் கருத்த மூஞ்சியையும் செம்மண் ஒட்டிய முட்டியையும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் அப்படிச் சொன்னால் வேறென்ன செய்வது? அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். கைகுலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நானும் நீட்டினேன். அவர் கேட்டது பனியனை.

மாற்று ஆளாக வைத்திருந்த பையனை அங்கேயே கூப்பிட்டு அதைக் கொடுத்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். பாவம், அவன் மேல் தப்பில்லை.

விழுப்புரம் ரோட்டில் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேரும்வரை நான் அழவில்லை. வாசலில் தங்கை கலா ஓடி வந்து, "இன்னா நம்பருடா குடுத்தாங்க?" என்று கேட்டாள். அங்கேதான் உடைந்தேன்.

சொல்தா வீடு

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் அப்பாவைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். தாத்தா வியட்நாமில், சைகோனில் துப்பாக்கி தூக்கியவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம் என்று ஒரு கெடு வைத்தார்கள். தாத்தா போனார், போட்டார். அந்த ஒரு கையெழுத்தில் அப்பா பிரெஞ்சுக்காரர் ஆனார். அவரும் பட்டாளத்துக்குப் போய், பனியில் காவல் நின்று, பென்ஷனோடு திரும்பி வந்தார். அம்மாவும் சொல்தா வீட்டுப் பெண்தான். ஆக, நான் இரண்டு பக்கமும் கலப்பில்லாத பிரெஞ்சுக்காரன். புரட்டாசி சனிக்கிழமை நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு பெருமாளுக்குத் தளிகை போடுகிற பிரெஞ்சுக்காரன். என் பெயரே திருப்பதி வேண்டுதலில் வந்தது.

பிரெஞ்சு தெரியுமா என்று கேட்காதீர்கள். அப்பா டியூஷன் வைத்தார். டியூஷன் நேரமும் கிரவுண்டு நேரமும் ஒன்றாக இருந்தது. எது ஜெயித்திருக்கும் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். பத்து வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அப்பாவிடம் நான் பேசிய பேச்சை இன்று நினைத்தாலும் கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

"உங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு இன்னா வந்துச்சி? கைல குடுத்த பனியனைப் புடுங்கிக்கினாங்க! யாரு உங்கள பிரெஞ்சுக்காரனா இருக்கச் சொன்னது?"

"டேய், வாய மூடு!" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"என்னைக் கேட்டாடா போட்டாரு எங்கப்பா? அப்ப எனக்கு உன்ன விடச் சின்ன வயசு" என்றார்.

சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். பசி தாங்காமல் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து சாப்பிட்டேன்.

எங்கே ஆடுவது?

அப்பா இரண்டு வழி சொன்னார். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய் அங்கே ஆடலாம். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைகள் கூடி ஆடுகிறார்களே, அதில் சேரலாம்.

சித்தப்பா வீட்டுக்கு எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஞாயிறு ஆட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள். யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று ஒருத்தரும் கணக்கு வைப்பதில்லை. முடிந்ததும் எல்லோருக்கும் எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். நான் ஒரு பையன் காலிலிருந்து பந்தைச் சறுக்கி எடுத்ததற்கு அவன் அம்மா வந்து "மெதுவா ஆடுப்பா" என்றாள். தோற்றால் வயிறு எரிகிற இடம் எனக்கு வேண்டும். இது அது இல்லை.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவள் கலா. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஊர் கிளப்புகள் ஆடும் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் லீக்கின் விதித்தாளை எங்கிருந்தோ வாங்கி வந்து, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தாள்.

"அண்ணா, இதப் பாரு. ஒவ்வொரு கிளப்பும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேத்துக்கலாமாம்."

"அதுக்கு?"

"அதுக்கா? நீ இன்னாவாம்?"

எந்த வார்த்தையைச் சொல்லி என்னைத் துரத்தினார்களோ அதே வார்த்தையை வைத்து உள்ளே போகலாம் என்கிறாள். முதலில் ரோஷம் வந்தது. என் ஊரில் நான் வெளிநாட்டு ஆளாகவா ஆட வேண்டும்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்தேன். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, ஆடியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

லீக்கில் எட்டு கிளப்புகள். ஆறு கிளப்பில் வெளிநாட்டு இடம் நிரம்பிவிட்டது. ஊரில் படிக்க வந்திருந்த ஆப்பிரிக்கப் பையன்களை முன்கூட்டியே பிடித்துப் போட்டிருந்தார்கள். ஏழாவது கிளப்பில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுக்காரனா? எந்த நாடு, வில்லியனூரா?" என்று கேட்டார். வில்லியனூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு போய்விட்டேன்.

மிச்சம் இருந்தது தவளக்குப்பம் கிளப்.

முதல் ஞாயிறு

கடலூர் ரோட்டில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பக்கம் நெருஞ்சி முளைத்த கிரவுண்டு. கோச் பெயர் மணி. மின்துறையில் லைன்மேன். கம்பம் ஏறி ஏறி உரமேறிய கை, எப்போதும் கடுகடுவென்ற முகம். எல்லோருக்கும் அவர் மணி அண்ணன்.

"மூணு ஞாயித்துக்கெழம பாப்பேன். மூணாவது ஞாயிறு லிஸ்ட். யாரும் சிபாரிசு கொண்டாராதீங்க, அப்பன கூட்டியாராதீங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ பிரெஞ்சுக்காரனா? எங்க, பிரெஞ்சுல எதுனா பேசு பாக்கலாம்" என்றார்.

"அன், தெ, த்ருவா, காத்ர்..." என்று பத்து வரை எண்ணினேன்.

"போதும் போதும். எந்த இடத்துல ஆடுவ?"

"லெஃப்ட் பேக் அண்ணே."

அவர் முகம் சுருங்கியது. வெளிநாட்டு ஆள் என்றால் ஆறடி உயரம், முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டும் என்பது எல்லா கிளப்புக்கும் பொதுவான எண்ணம். நான் ஐந்தடி நாலு அங்குலம். வாழ்க்கையில் மொத்தமாக இரண்டு கோல் அடித்திருக்கிறேன், அதில் ஒன்று எங்கள் பக்கத்துக்கே.

அவர் கேட்ட மாதிரியே ஒருத்தன் அங்கே நின்றுகொண்டிருந்தான். வெள்ளைத் தோல், சணல் நிறத் தலைமுடி, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பெயர் மனு. ஊருக்கு வடக்கே தோப்புகளுக்கு நடுவே குடியிருக்கும் வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நான் பள்ளிக்கூட இங்கிலீஷைத் திரட்டிக்கொண்டு பேச ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இன்னா நைனா, புதுசா? பூட்ஸ் லேஸ இறுக்கிக் கட்டு. இங்க கல்லு ஜாஸ்தி."

சுத்தமான கிராமத்துத் தமிழ். என்னைவிட நன்றாகப் பேசினான், எரிச்சலாக வந்தது.

ஒரே வெளிநாட்டு இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர். மணி அண்ணன் எங்களை எதிரெதிர் அணியில் போட்டார். மனு ஆடுவது வலது பக்கம். ஆக, அவனை நிறுத்த வேண்டியவன் நான்.

நிறுத்தினேனா? எங்கே நிறுத்தினேன்! பந்து வந்ததும் பாதத்தின் அடியால் அதை ஒரு உருட்டு உருட்டுவான். இதோ எடுத்துவிடலாம் என்று நான் காலை நீட்டுவேன். அடுத்த நொடி அவன் என்னைத் தாண்டியிருப்பான். மூன்று முறை தாண்டினான், இரண்டு கோல் அடித்தான். மூன்றாவது முறை நான் நெருஞ்சியில் குப்புற விழுந்தேன். மணி அண்ணன் நோட்டில் என்னவோ எழுதினார். என்ன எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள பிரெஞ்சும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

பஸ்ஸில் உட்கார்ந்து உள்ளங்கையில் முள் பிடுங்கிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் பிடிபட்டது. அவன் என்னைத் தாண்டவில்லை. நான்தான் அவசரப்பட்டுக் காலை நீட்டி அவனுக்கு வழி விட்டிருக்கிறேன்.

பாத்திரம் கழுவிய வாரம்

இந்தப் புத்தி எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. பந்தைக் கண்டால் கால் தானாகப் போகும். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஆடும்போது ரப்பர் பந்துக்குக் காலை நீட்டி, பால்காரரின் சைக்கிள் சக்கரத்தில் விட்டு, பெருவிரல் நகம் போன கதையை முன்பே எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஒரே வாரத்தில் விட வேண்டும்.

கலாவைக் கூப்பிட்டேன். "நீ பந்த எடுத்துக்கினு என்னைத் தாண்டிப் போ. நான் கால நீட்டாம பின்னாலயே நகருவேன். நீயா பந்தத் தள்ளி விடும்போதுதான் எடுப்பேன்."

"நீட்டிட்டா?"

"நீட்டிட்டா அன்னிக்கு ராத்திரி பாத்திரம் பூரா நான் கழுவுறேன்."

அவள் கண் மின்னியதைப் பார்த்திருக்க வேண்டும். பாத்திரம் அவள் வேலை. திங்கட்கிழமை முதல் பந்திலேயே காலை நீட்டினேன். செவ்வாயும் நீட்டினேன். கழுதை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பந்தை அசைப்பாள், கால் போய்விடும். புதன்கிழமை அவள் வேண்டுமென்றே அம்மாவிடம் தோசை கேட்டு, கல்லு, கரண்டி, சட்னிக் கிண்ணம் என்று பாத்திரத்தைக் கூட்டிவிட்டாள். சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டே அவளைத் திட்டினேன்.

வியாழக்கிழமை அவள் எத்தனை ஆட்டம் காட்டியும் என் கால் அசையவில்லை. அவள் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் பார்த்தேன். கடைசியில் சலித்துப்போய் பந்தைச் சற்று நீளமாகத் தள்ளினாள். எடுத்துவிட்டேன்.

"போடா, இனிமே உங்கூட ஆடல" என்று உள்ளே போனாள். அன்று அவள்தான் பாத்திரம் கழுவினாள்.

இரண்டாவது ஞாயிறு மனு பந்தை உருட்டினான். நான் நின்றேன். மறுபடி உருட்டினான். நான் ஓரடி பின்னால் போனேன். அவன் தயங்கிப் பந்தைத் தள்ளியதும் எடுத்து வெளியே அடித்தேன். அன்று முழுக்க அவனை ஒரு ஷாட் அடிக்க விடவில்லை. கார்னரில் தலையால் ஒரு கோல் போட்டான், அது வேறு ஆளின் பொறுப்பு.

"இன்னாடா நீ, அட்ட மாதிரி ஒட்டிக்கினு கீற!" என்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினான். என் விளையாட்டைப் பற்றி அதற்கு முன் யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு பாஸ்போர்ட்

மூன்றாவது ஞாயிறு காகிதங்களோடு வரச் சொல்லியிருந்தார். அசல் பாஸ்போர்ட்டை என்னிடம் தர அப்பாவுக்கு மனசில்லை. அவரே வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு கிரவுண்டு ஓரத்தில் விறைப்பாக நின்றார். அப்பன கூட்டியாராதே என்று சொன்ன மணி அண்ணன், அந்த நிற்பைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தார்.

அன்றும் நான் மனுவை நிறுத்தினேன். ஆட்டம் முடிந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். லிஸ்ட் படித்தார்.

"வெளிநாட்டு ஆள், மனு."

மற்றவர்கள் கலைந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"ஏன் அண்ணே?" என்றேன்.

"நீ நல்லாத்தான் ஆடுற. இல்லேங்கல. ஆனா லெஃப்ட் பேக் எனக்கு ஊருக்குள்ளயே நாலு பேரு கீறான். வெளிநாட்டு எடத்தக் கொண்டுபோய் லெஃப்ட் பேக்குக்குக் குடுத்தா லீக்கு பூரா சிரிப்பாங்கடா. காகிதத்த இங்க வச்சிட்டுப் போ, நேரமாவுது."

அந்தக் கடைசி வாக்கியம் மனுவுக்கு. ஆனால் எங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அப்பா என் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டார். மனுவும் தன்னுடையதை வைத்தான். ஒன்று மெரூன் அட்டை, இன்னொன்று கருநீலம்.

மணி அண்ணன் யோசிக்காமல் மெரூன் அட்டையை எடுத்து, மனுவைப் பார்த்துக்கொண்டே பிரித்தார். உள்ளே என் மூஞ்சி இருந்தது.

"டேய், மாத்தி வச்சிட்டீங்க" என்று மூடி, கருநீல அட்டையை எடுத்தார். அட்டையில் மூன்று சிங்கம். பிரித்தார். உள்ளே மனு.

"இன்னாடா இது?"

"என்னுதுதான்" என்றான் மனு. "எங்கம்மா நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தியப் பிரஜை ஆயிட்டாங்க. நானும் இந்தியன் தான்."

"அடப்பாவி! மூணு வாரமா ஏண்டா சொல்லல?"

"நீங்க எங்கண்ணே கேட்டீங்க? என்னைப் பாத்ததும் நீங்களே வெளிநாடுன்னு எழுதிக்கினீங்க."

மணி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. என்னைப் பார்த்து மலரவில்லை.

"அப்ப நீ ஊர் ஆளு கணக்குல வந்துடுவ. வெளிநாட்டு எடம் காலி! லாஸ்பேட்டைல ஒரு கென்யாக்காரப் பையன் கீறானாம், ஆறடி ரெண்டு அங்குலம்..."

எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று பேசினேன்.

"அண்ணே, அந்தப் பையன் மூணு ஞாயிறு வந்தானா? நான் வந்தேன். மொத வாரம் விழுந்தேன், ஒத்துக்கறேன். ரெண்டாவது வாரம் இவன நிறுத்துனேன். இன்னிக்கும் நிறுத்துனேன். மாநில டீமுல வெளிநாட்டுக்காரன்னு தொரத்துனாங்க. இங்க வெளிநாட்டுக்காரன் மாதிரி இல்லன்னு தொரத்துறீங்க. அப்ப நான் எங்கதான் ஆடுறது? எனக்கு இந்த எடம் வேணும். எழுதுங்க."

அப்பா ஓரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு நின்றுகொண்டார். பேசுவது என் வேலை என்று விட்டுவிட்டார் போல.

பேசியது மனு.

"அண்ணே, இவன எடுத்துக்கங்க. நீங்க எடுக்கலன்னா வேற எவனாச்சும் எடுப்பான். அப்பறம் லீக்குல இவன் எனக்கு எதிரா வந்து நிப்பான். நமக்கு ஒரு கோலும் விழாது, பாத்துக்கங்க."

அது இரக்கத்தில் சொன்னதில்லை. உண்மையாகவே பயந்து சொன்னான். அதனால்தான் மணி அண்ணன் காதில் ஏறியது. அவர் என்னைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், நோட்டைப் புரட்டி இரண்டாவது ஞாயிறு எழுதியதைப் படித்தார். பிறகு ஒரு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது. பிரெஞ்சு ஸ்பெல்லிங்கு எனக்குத் தெரியாது."

பெயர் என்ற இடத்தில் ஏழுமலை என்று எழுதினேன். நாடு என்ற இடத்தில் பிரான்ஸ். முகவரி என்ற இடத்தில் ரெட்டியார்பாளையம். கை வியர்த்து மை கொஞ்சம் பரவியது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இல்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மணி அண்ணன் ஃபாரத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல அஞ்சரை மணிக்குப் பிராக்டிஸ். ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் பிரான்சுக்கே போயிடு, சொல்லிட்டேன்."

மறுநாள் ஐந்து மணிக்கே போய் நின்றேன்.